மெக்கட்ரானிக்ஸ்: ஒரே ஒரு மோட்டாரை முழுதாகப் படியுங்கள்

கேள்வி: நான் மெக்கட்ரானிக்ஸ் பொறியியலில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இயந்திரவியல், மின்னணுவியல், கட்டுப்பாட்டியல், நிரலாக்கம் என ஒவ்வொரு பாடத்திலும் நல்ல மதிப்பெண் பெறுகிறேன். ஆனால் ஆய்வகத்தில் ஒரு மோட்டார் சொன்ன இடத்தில் நிற்காதபோது எந்தப் பாடத்தைத் திறந்து பார்ப்பது என்று தெரிவதில்லை. பி.ஐ.டி. எண்களை (பிழையின் அளவு, அதன் தொகை, அது மாறும் வேகம் ஆகிய மூன்றுக்கும் ஏற்ப மோட்டாரைத் திருத்தும் கட்டுப்பாட்டு முறையின் எண்களை) மாற்றி மாற்றிப் போட்டு எப்படியோ ஓட வைத்துவிடுகிறோம். நால்வர் கொண்ட எங்கள் குழுவில் எனக்கு எப்போதும் நிரல் எழுதும் வேலைதான். பாடங்களைத் தேர்ச்சிக்கு மட்டும் படித்துவிட்டு மீதி நேரத்தைப் புராஜெக்டுகளில் செலவிடும்படி சீனியர்கள் சொல்கிறார்கள். இறுதியாண்டில் இரண்டு கால்களில் நடக்கும் ரோபோ ஒன்றைச் செய்ய எங்கள் குழு விரும்புகிறது. நாங்கள் சரியான வழியில்தான் போகிறோமா?

பதில்:

அன்புள்ள மாணவருக்கு,

எந்தப் பாடத்தைத் திறந்து பார்ப்பது என்று தெரியவில்லை என எழுதியிருக்கிறீர்கள். இந்தத் துறையில் பல ஆண்டுகள் வேலை செய்பவர்களும் ஒவ்வொரு பழுதின்போதும் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. உங்களுக்கு அது மூன்றாம் ஆண்டிலேயே எழுந்திருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். கற்பிக்கவும் தேர்வு நடத்தவும் வசதியாகப் பல்கலைக்கழகம் பாடங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. எந்திரத்துக்கு அந்தப் பிரிவினை கிடையாது. நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை இரண்டு பாடங்கள் சந்திக்கும் இடத்தில்தான் இருந்தன. ஒரு பாடத்தின் கண்ணால் மட்டும் பார்த்தவர்களுக்கு அவை அகப்படவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மோட்டார் தண்டையும், சுழற்சியை அளக்கும் என்கோடரின் தண்டையும் இணைக்கும் கப்ளிங் சிறிதளவு மையம் விலகிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒரே சீராகச் சுழன்றாலும், என்கோடர் காட்டும் வேகம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஏறி இறங்கும். நிரல் எழுதுபவர் அதை மின் இரைச்சல் என்று எண்ணி, ஒரு மில்லி விநாடி இடைவெளியில் எடுத்த கடைசிப் பத்து அளவுகளின் சராசரியைக் கணக்கிட்டு அதையே வேகமாக எடுத்துக்கொள்கிறார். வரைபடம் அழகாகிவிடுகிறது, ஆனால் அந்தச் சராசரி, அளவீட்டை 4.5 மில்லி விநாடி தாமதப்படுத்துகிறது. 20 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இந்தத் தாமதம் சுமார் 32 பாகை கட்டப் பின்னடைவுக்குச் சமம். 45 பாகை கட்ட விளிம்புடன் (அலைவு தொடங்குமுன் தாங்கக்கூடிய பின்னடைவு) வடிவமைக்கப்பட்ட கட்டுப்பாட்டு வளையம், அந்த அதிர்வெண்ணுக்கு அருகே இயங்குமானால், இப்போது அலைவின் ஓரத்துக்கு வந்துவிடும். கட்டுப்பாட்டைக் கவனிப்பவர் அலைவைக் கண்டு கெயினை, அதாவது பிழைக்கு எவ்வளவு வலுவாகப் பதில் தருவது என்ற பெருக்கெண்ணைக் குறைக்கிறார், எந்திரம் மந்தமாகிறது. கடைசியில் பெரிய மோட்டார் வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். எல்லோரும் அவரவர் பாடத்தின்படி நியாயமாகவே நடந்துகொண்டார்கள்; கப்ளிங்கைத் தளர்த்தி மையம் பார்த்து மறுபடி இறுக்கியிருந்தால் போதும் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட சங்கிலியைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே ஆள் பின்தொடரக் கற்றுக்கொள்வதையே நான் மெக்கட்ரானிக்ஸ் படிப்பு என்று கருதுகிறேன். ஆகவே என் முதன்மையான ஆலோசனை இது: இந்த ஆண்டு முழுவதும் ஒரே ஒரு நேர்மின்னோட்ட மோட்டார், ஒரு கியர்பாக்ஸ், ஒரு என்கோடர், மோட்டாருக்கு மின்சாரம் தரும் ஒரு டிரைவர், ஒரு மைக்ரோகண்ட்ரோலர் ஆகியவற்றை மட்டும் மேசையில் பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எந்தப் பாடம் நடந்தாலும், அது இந்த ஒற்றை அச்சைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அளவுக்கருவியைத் தொடுவதற்கு முன்பு விடை என்ன எண்ணாக வரும் என்று தாளில் எழுதிவிடுங்கள். எழுதிய எண்ணும் அளந்த எண்ணும் எவ்வளவு விலகுகின்றன, ஏன் விலகுகின்றன என்று தேடும்போதுதான் இந்தத் துறை உங்களுக்குப் பிடிபடத் தொடங்கும்.

எண்களோடு பார்ப்போம். உங்கள் மோட்டார் 12 வோல்ட்டில் இயங்குகிறது, சுருளின் மின்தடை 2 ஓம், முறுக்குவிசை மாறிலி ஓர் ஆம்பியருக்கு 0.02 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். தண்டு சுழலாமல் தடுக்கப்பட்டால், சுழற்சியால் மோட்டாரில் உண்டாகும் எதிர் மின்னழுத்தம் இராது, ஓமின் விதிப்படி 6 ஆம்பியர் ஓடும், முறுக்குவிசை 0.12 நியூட்டன் மீட்டர். எஸ்.ஐ. அலகுகளில் முறுக்குவிசை மாறிலியும் எதிர் மின்னழுத்த மாறிலியும் ஒரே எண்தான் என்பதால், சுமையற்ற வேகம் 12-ஐ 0.02-ஆல் வகுத்த 600 ரேடியன் ஒரு விநாடிக்கு, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,700 சுற்றுகள். இப்போது ஓடவிட்டு அளந்து பாருங்கள். அந்த வேகம் வராது. தாங்கிகளின் உராய்வு ஒரு காரணம். கல்லூரி ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் எல்298 வகை டிரைவர் சிப்பைப் பயன்படுத்தினால் இன்னொரு காரணமும் சேரும்: அதன் உள்ளே இருப்பவை பழைய வகை இருமுனை டிரான்சிஸ்டர்கள் என்பதால், ஓர் ஆம்பியர் ஓடும்போதே சுமார் 2 முதல் 3 வோல்ட் வரை அங்கேயே இழக்கப்படுகிறது. அதே சிப் ஒரு பாதைக்குத் தொடர்ச்சியாக 2 ஆம்பியர்தான் தாங்கும். நம் மோட்டாரோ தடுக்கப்பட்டால் 6 ஆம்பியர் கேட்கும். மின்னணுவியல் தாளில் மனப்பாடம் செய்த நிறைவுநிலை மின்னழுத்தம் (முழுதாகத் திறந்த டிரான்சிஸ்டரிலும் மிஞ்சும் இழப்பு) என்ற சொல், சக்கரத்தின் வேகக் குறைவாக உங்கள் கண்முன் வந்து நிற்கும்.

அடுத்தது என்கோடர். ஒரு சுற்றுக்கு 500 கோடுகள் உள்ள இருதட என்கோடரில், இரண்டு தடங்களின் எல்லா ஏற்ற இறக்கங்களையும் எண்ணினால் ஒரு சுற்றுக்கு 2,000 எண்ணிக்கை கிடைக்கும். மோட்டார் விநாடிக்கு 95 சுற்று சுழலும்போது விநாடிக்கு 1,90,000 எண்ணிக்கைகள். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8 பிட் மைக்ரோகண்ட்ரோலருக்கு, ஓர் எண்ணிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையில் 84 கடிகாரத் துடிப்புகள்தான் அவகாசம். அதற்குள், நடக்கும் வேலையை இடைநிறுத்தும் இன்டரப்டுக்குள் நுழைந்து, பதிவேடுகளைச் சேமித்து, எண்ணிவிட்டுத் திரும்ப வேண்டும். வேறு வேலைக்கு நேரமே இராது, சில எண்ணிக்கைகள் தவறியும் போகும். மோட்டார் சொன்ன இடத்தில் நிற்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம், அப்படியானால் பி.ஐ.டி. எண்களை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. என்கோடரை எண்ணுவதற்கென்றே வன்பொருள் டைமர் உள்ள மைக்ரோகண்ட்ரோலருக்கு மாறுவதே தீர்வு. இயந்திரவியலில் கணக்கிட்ட ஒரு வேகம், எந்தச் சிப்பை வாங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதைக் கவனியுங்கள்.

வேகத்தைக் கணக்கிடும்போது இதே என்கோடர் வேறொரு பாடம் நடத்தும். ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை எண்ணிக்கை வேறுபாட்டை எடுத்தால், ஓர் எண்ணிக்கை கூடுவதோ குறைவதோ வேகத்தில் நிமிடத்துக்கு 30 சுற்று தாவலாகத் தெரியும். இடைவெளியைப் பத்து மில்லி விநாடியாக்கினால் தாவல் 3 சுற்றாகக் குறையும். ஆனால் தாமதம் கூடும். குறைந்த வேகங்களில் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளப்பது மேல். துல்லியத்துக்கும் தாமதத்துக்கும் இடையிலான இந்த இழுபறி, மாதிரியெடுத்தல் பற்றிச் சமிக்ஞைப் பாடத்தில் படித்ததன் நேரடி உருவம்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் பழுதுக்கே வருகிறேன். மோட்டார் குறித்த இடத்துக்குச் சற்று முன்னதாகவே நின்றுவிடுகிறதா, அந்த இடத்தைச் சுற்றி மெதுவாக முன்னும் பின்னும் அலைகிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகிறதா என்று முதலில் கவனித்து எழுதுங்கள். முன்னதாகவே நிற்பது பெரும்பாலும் நிலை உராய்வினால்: பிழை சிறியதாகும்போது விகிதக் கட்டுப்பாடு தரும் மின்னழுத்தமும் சிறியதாகி, உராய்வை வெல்லப் போதாமல் போகிறது. அதைச் சரிசெய்யத் தொகைக் கெயினைக் கூட்டினால், சேர்ந்துகொண்டே வந்த மின்னழுத்தம் ஒரு கட்டத்தில் தண்டை விடுவித்து, இலக்கைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தும். பிறகு எதிர்த் திசையில் அதே கதை. மெதுவான அலைவு என்பது இதுதான். கியர்பாக்ஸின் பல்லிடைத் தளர்ச்சியும் இதே போன்ற அலைவைத் தரும். மோட்டார் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வெளித்தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால், மோட்டார் பக்கத்தில் இருக்கும் என்கோடருக்கு அந்த அசைவு தெரியவே தெரியாது. ஒவ்வொரு முறையும் விலகல் கூடிக்கொண்டே போனால் எண்ணிக்கை தவறுகிறது என்று ஐயப்படுங்கள். தண்டைக் கையால் அசைத்துச் சோதிக்கும்போது மின்சாரம் நிறுத்தப்பட்டிருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கட்டுப்பாட்டியல் உங்களுக்கு வெறும் லாப்லாஸ் கணக்காகத் தெரிவது இயல்புதான். அதை மேசைக்குக் கொண்டுவர ஒரு வழி உண்டு. மோட்டாரில் சிறிய வட்டு ஒன்றை மாட்டி, திடீரென்று 6 வோல்ட் கொடுத்து, வேகம் ஏறுவதைப் பதிவு செய்யுங்கள். இறுதி வேகத்தில் 63.2 விழுக்காட்டை எட்ட ஆகும் நேரம்தான் கால மாறிலி. வகுப்பில் படித்த மாதிரியின்படி அது, நிலைமத் திருப்புத்திறனை மின்தடையால் பெருக்கி, மோட்டார் மாறிலியின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும். மொத்தத் திருப்புத்திறன் 0.00001 கிலோகிராம் சதுர மீட்டர் என்றால் 50 மில்லி விநாடி. பிறகு வேகத்துக்கு விகிதக் கட்டுப்பாட்டை மட்டும் போட்டுப் பாருங்கள். வளையக் கெயின் நான்கு என்றால் கேட்ட வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்றும், கால மாறிலி 10 மில்லி விநாடியாகும் என்றும் கணக்கு சொல்கிறது. திரையில் அதை ஒட்டிய எண்களே தெரியும்போது, டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் (உள்ளீட்டையும் வெளியீட்டையும் இணைக்கும் கணிதச் சார்பு) என்பது தேர்வுத்தாளுக்குரிய குறியீடு என்ற எண்ணம் போய்விடும். கேட்ட மாற்றத்தைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் டிரைவர் 12 வோல்ட் உச்சத்தைத் தொட்டுவிடும், நேரியல் கணக்கு பொருந்தாது.

அந்த உச்சத்தையும் வேண்டுமென்றே தொட்டுப் பார்க்கலாம். தொகைக் கட்டுப்பாட்டைச் சேர்த்து, தண்டைச் சிறிது நேரம் தடுத்துவிட்டு விடுவியுங்கள். தடுத்திருந்த நேரம் முழுவதும் சேர்ந்த பிழை தீரும் வரை வேகம் இலக்கை வெகுவாக மீறி ஓடும். மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது தொகை சேர்வதை நிறுத்தும் இரண்டு வரிகளை நிரலில் சேர்த்தால் அது அடங்கும். பாடப்புத்தகங்கள் பல இதைக் கடைசி அத்தியாயத்தில் வைக்கின்றன. நடைமுறையில் முதல் நாளே தேவைப்படுவது இது.

எண்களை மாற்றி மாற்றிப் போடுவது பற்றியும் ஒரு சொல். ஜீக்லரும் நிக்கோல்ஸும் பி.ஐ.டி. எண்களைத் தேர்ந்தெடுக்க 1942-இல் வெளியிட்ட முறையைப் படித்திருப்பீர்கள். அது தரும் எண்கள் தொடங்குவதற்கு உதவும். ஆனால் அலைவு சற்று மிகுதியாக இருக்கும்படியானவை, இறுதி விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாதவை. பி.ஐ.டி. அமைப்பை 1922-இல் கணிதமாக எழுதிய நிக்கோலஸ் மினோர்ஸ்கி, சுக்கான் பிடிக்கும் மாலுமிகள் கப்பலை எப்படித் திருப்புகிறார்கள் என்பதைக் கவனித்தே அதை உருவாக்கினார். அவர்கள் இப்போதைய விலகலை மட்டும் பார்க்கவில்லை. நீடித்து நிற்கும் விலகலையும், விலகல் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையும் சேர்த்தே பார்த்தார்கள். கவனிப்பும் கணிதமும் அங்கே ஒன்றையொன்று விலக்கவில்லை என்பதை உங்கள் சீனியர்களிடமும் சொல்லலாம்.

அவர்களுடைய அறிவுரையை நான் ஏற்கவில்லை. புராஜெக்ட் செய்யாமல் இந்தத் துறையைக் கற்க முடியாது என்பது உண்மை. ஆனால் கணக்கிடத் தெரியாமல் செய்யும் புராஜெக்ட், அடுத்த புராஜெக்டுக்கு எதையும் கொடுக்காது. ஓடியது ஏன் ஓடியது என்று தெரியாதவருக்கு ஓடாதது ஏன் ஓடவில்லை என்பதும் தெரியாது. வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், இயக்கவியல், சமிக்ஞைகள், கட்டுப்பாட்டியல் ஆகியவற்றை ஆழமாகப் படியுங்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இவற்றை நிதானமாகப் படிக்க நேரம் கிடைப்பது அரிது. ஒரு புதிய மென்பொருளையோ புதிய போர்டையோ வேலையில் சேர்ந்த பிறகு சில வாரங்களில் பழகிக்கொள்ளலாம்.

குழுவில் எப்போதும் நிரல் மட்டும் எழுதுவது உங்களுக்கு நல்லதன்று, குழுவுக்கும் நல்லதன்று. வேலையை முழுவதும் மாற்றிக்கொள்ளச் சொன்னால் கெடு நெருங்கும்போது யாரும் ஒப்ப மாட்டார்கள். ஆகவே பொறுப்பை அப்படியே வைத்துக்கொண்டு, சோதனையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சட்டகத்தை வடிவமைத்தவர் உங்கள் நிரலைச் சோதிக்கட்டும். நீங்கள் சுற்றுப்பலகையை ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். டிரைவர் போர்டின் தரையிணைப்பும் சென்சாரின் தரையிணைப்பும் ஒரே மெல்லிய கம்பியைப் பகிர்ந்துகொள்ளும்போது, மின்சாரத்தை விரைவாகத் திறந்து மூடும் பி.டபிள்யூ.எம். மாறும் ஒவ்வொரு கணமும் சென்சார் அளவு துள்ளுவதை ஒருமுறை திரையில் கண்டவர், அதன்பின் நிரலில் வடிகட்டி எழுதுவதற்கு முன்பு கம்பியைத்தான் பார்ப்பார். ஒவ்வோர் இணைப்பிலும் எந்த மின்னழுத்தம், எந்த அலகு, எத்தனை மில்லி விநாடிக்கு ஒருமுறை, எந்தத் திசை நேர்க்குறி என்பதை நால்வரும் கையொப்பமிட்ட ஒரே தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். திசைக் குறி மாறிப்போனால் எதிர்ப்பின்னூட்டம் நேர்ப்பின்னூட்டமாகி, எந்திரம் முழு வேகத்தில் ஓடிப்போய் முட்டும். முதன்முறை இயக்கும்போது மின்வழங்கியின் மின்னோட்ட வரம்பைக் குறைத்து வைப்பதும், அவசர நிறுத்தப் பொத்தான் நிரலை நம்பாமல் மோட்டாரின் மின்சாரத்தையே துண்டிப்பதும் கட்டாயம் என்று கொள்ளுங்கள்.

ரெக்கார்டு நோட்டில் கணித்த எண், அளந்த எண், வேறுபாட்டின் காரணம் என்ற மூன்றையும் எழுதும் பழக்கம் வந்துவிட்டால், வைவாவுக்குத் தனியாகப் படிக்க வேண்டியிராது.

இறுதியாண்டுத் திட்டத்துக்கு வருகிறேன். இரு கால் ரோபோவில் ஒரு காலுக்கு ஆறு மூட்டுகள் வைப்பது வழக்கம். மொத்தம் பன்னிரண்டு மோட்டார்கள், பன்னிரண்டு கியர்பாக்ஸ்கள், அவற்றுக்கான சென்சார்கள், டிரைவர்கள், கம்பிகள். நால்வர் குழு ஓர் ஆண்டில் அதைப் பொருத்தி முடிக்கலாம். ஆனால் பெரும்பாலான நேரம் அறுந்த கம்பியையும் உடைந்த பாகத்தையும் மாற்றுவதிலேயே போய்விடும், நடை பற்றி ஆராய நாட்கள் மிஞ்சாது. அதற்குப் பதிலாக, செங்குத்துத் தண்டவாளத்தில் மேலும் கீழும் மட்டும் நகரும்படி பொருத்திய ஒற்றைக் காலை, இடுப்பும் முழங்காலும் மட்டும் உள்ளதாகச் செய்யுங்கள். அது உட்கார்ந்து எழட்டும், பின்னர் குதிக்கட்டும். இது சிறுபிள்ளை வேலை என்று யாரேனும் சொன்னால், மார்க் ரெய்பர்ட் 1980-களின் தொடக்கத்தில் ஒற்றைக் காலில் குதிக்கும் எந்திரத்திலிருந்துதான் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்றும், 1992-இல் பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவரே என்றும் சொல்லுங்கள்.

திட்ட அறிக்கையை வழிகாட்டியிடம் கொடுப்பதற்கு முன் முழங்காலுக்கு ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். தாங்க வேண்டிய நிறை 2 கிலோகிராம், தொடையின் நீளம் 15 சென்டிமீட்டர், தொடை கிடைமட்டமாக இருக்கும் நிலையில் பாதம் இடுப்புக்கு நேர் கீழே என்று கொண்டால், அசையாமல் நிற்பதற்கே முழங்காலில் சுமார் 2.9 நியூட்டன் மீட்டர் வேண்டும். மேலே சொன்ன மோட்டாரை 30-க்கு 1 கியர்பாக்ஸுடன் பயன்படுத்தினால், உச்சத்தில் 3.6 கிடைக்கும், கியர்பாக்ஸின் திறன் 70 விழுக்காடு என்றால் 2.5 மட்டுமே மிஞ்சும். அதுவும் 6 ஆம்பியர் ஓட்டிப் பெறுவது. அப்போது சுருளில் 72 வாட் வெப்பம் உண்டாகும், சிறிய மோட்டாரால் அதைச் சில விநாடிகளுக்கு மேல் தாங்க இயலாது. கியர் விகிதத்தை உயர்த்தினால் முறுக்குவிசை கூடும், ஆனால் வேகம் குறையும். மோட்டார் சுழலியின் நிலைமம் விகிதத்தின் வர்க்கத்தால் பெருகி மூட்டில் தெரிவதால், தரையில் இறங்கும்போது அதிர்ச்சியும் கூடும். 30-ஐ 60 ஆக்கினால் அந்த நிலைமம் நான்கு மடங்கு. இன்னும் வலுவான மோட்டாரா, உயர்ந்த விகிதமா, எடை குறைந்த சட்டகமா, முழங்காலின் சுமையில் ஒரு பங்கைத் தாங்கும் சுருள்வில்லா என்பதை நீங்கள் நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணைப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த காரணத்தை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.